பேட்டரி போடாத கிடா

ஓடைப்பட்டிக்காரர்கள் அந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பொம்மைக்கு எப்படி உயிர் வந்தது என்று யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. வெயில் அடித்தது, மேளம் கொட்டியது, பொம்மை சிலுப்பியது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, முந்நூறு பேருக்கு அரைத்து வைத்திருந்த கறி மசாலாவைக் கடைசியில் எதில் போட்டார்கள் என்ற இடத்தில்தான் வந்து நின்று சண்டை போட்டுக்கொள்வார்கள். அந்தப் பொம்மையைக் கோயம்புத்தூரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தவர் சங்கிலிமுத்து. பொம்மைக்கு உயிர் வந்ததில் அவருக்கும் பெரிய ஆச்சரியம் ஏதும் இருந்ததில்லை. ஐம்பத்து நான்கு வயதில் தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல் சொன்னபடியே நின்றதே, அதுதான் அவருக்கு இன்றுவரை நம்ப முடியாத காரியம்.

சங்கிலிமுத்து கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் முப்பது வருஷமாக மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். எரிந்துபோன மோட்டாரை முகர்ந்து பார்த்தே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுகிற மனிதர். தன்னிடம் எந்த இடத்தில் கோளாறு என்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை. யார் எது கேட்டாலும் ‘ஆகட்டும், நான் இருக்கேன்ல’ என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லிவிடுவார்; சொன்னதைச் செய்ய வேண்டிய நேரம் எதிரே வந்து நிற்கும்போது நாக்கு உள்ளே சுருண்டுகொள்ளும். தங்கை பூமயிலுக்கு மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தபோது ‘அப்பாகிட்ட நான் பேசுறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர், அப்பாவின் முன்னால் நின்று அந்த வருஷத்து மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். பூமயில் அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவர் இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

பூமயிலை ஓடைப்பட்டியில் குருவையாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருஷம் பிள்ளையில்லை. பதின்மூன்றாவது வருஷம் அவள் ஓடைக் கருப்பசாமி முன்னால் ஈரச்சேலையோடு விழுந்து, ‘ஒரு பிள்ளையைக் கொடு, அதுக்குக் காது குத்துற அன்னைக்கு உனக்குக் கருங்கிடா தாரேன்’ என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிறந்தது. மிதுனா என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு நான்கு வயதானபோது ஒரு கறுப்புக் கிடாக்குட்டியை வாங்கி வீட்டில் கட்டினார்கள். அதற்கு மிதுனா துரை என்று பெயர் வைத்தாள். துரை அவளுடைய பள்ளிக்கூடப் பையில் தலைவைத்துத் தூங்கியது, அவளுடைய தட்டில் சாப்பிட்டது, கணக்கு நோட்டில் பாதியைத் தின்றது. இரண்டு வருஷம் கழித்துக் காதுகுத்துக்கு நாள் குறித்தார்கள். மறுநாளே கோயம்புத்தூருக்குப் போன் வந்தது.

“மாமா, துரையை வெட்டிருவாங்களாம்ல?”

“எந்தப் பய சொன்னான்?”

“வெயிலுமுத்துப் பெரியப்பா சொன்னாங்க. ஈரல் அவங்களுக்காம்.”

“மாமா இருக்கேன்ல? ஒரு பய தொட மாட்டான்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

போன் கைமாறியது. பூமயிலின் குரலில் கோபம் இல்லை, பழக்கம்தான் இருந்தது. “என்னண்ணே, பிள்ளைக்குச் சத்தியம் பண்ணிட்டியாமே. கருப்பனுக்கு நான் சொன்ன சொல்லை அப்ப யாரு காப்பாத்துவா? கிடாவைப் பிடிச்சு மூணு தரம் ‘கொடுத்தேன்’னு சொல்லப் போறதே தாய்மாமன் நீதானே.” கொஞ்சம் நிறுத்தி, “சரி விடு, நீ சொன்னதுதானே” என்று வைத்துவிட்டாள்.

அந்தக் கடைசி வார்த்தை சங்கிலிமுத்துவின் தொண்டையில் மீன்முள்ளைப் போல நின்றது. ஒரு பக்கம் தங்கை சாமிக்குக் கொடுத்த வாக்கு, இன்னொரு பக்கம் தான் பிள்ளைக்குக் கொடுத்த சத்தியம், நடுவில் ஓர் ஆடு. ஒரு வாரம் யோசித்தும் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பொருட்காட்சியில், குரைக்கிற நாய்க்குட்டிகளுக்கும் வாலாட்டுகிற பூனைக்குட்டிகளுக்கும் நடுவில், அதைப் பார்த்தார். கறுப்பு ரோமம், கண்ணாடிக் கண், முழங்கை உயரம், முளைக்கத் தொடங்கிய கொம்பு. பார்த்தால் யாரும் பொம்மை என்று சொல்ல மாட்டார்கள்.

“ஒரே ஒரு பீஸ்தான் சார், கம்பெனிக்காரன் தப்பா அனுப்பிட்டான்” என்றான் கடைக்காரன். “தொட்டா கத்தும், தடவினா கண்ணை மூடும், புல்லைக் காட்டினா வாயை அசைக்கும். தண்ணி மட்டும் காட்டாதீங்க, போயிரும்.”

துரையை வெட்டுகிற நேரத்தில் பிள்ளையை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் இதைக் காட்டிவிடலாம் என்று சங்கிலிமுத்து கணக்குப் போட்டார். அவள் இதைத் தடவிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே எல்லாம் முடிந்திருக்கும். நல்ல யோசனைதான் என்று முதலில் தோன்றியது. வீட்டுக்கு வந்து பொட்டலத்தை இறக்கி வைத்தபோது, ஒரு பிள்ளையை ஏமாற்றுவதற்கு அன்பளிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோமோ என்று தோன்றியது. அதற்குள் வாங்கியாகிவிட்டது.

பேருந்தில் அது ஒவ்வொரு குலுக்கலுக்கும் கத்தியது. நடத்துநர் வந்து, “அண்ணே, ஆட்டுக்கு லக்கேஜ் போடணும்” என்றார்.

“பொம்மைங்க.”

“பொம்மை எப்படிங்க என்னையே பார்த்துக் கத்துது?”

சங்கிலிமுத்து அதைக் குப்புறப் போட்டு, வயிற்று மூடியைத் திறந்து, நான்கு பேட்டரிகளையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது வாயடைத்துப் படுத்தது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி தனம், “மருமகளுக்கு வாங்கினீங்களா, உங்களுக்கு வாங்கினீங்களா? வழி நெடுகத் தடவிக்கிட்டே வாரீங்க” என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஊர் வந்து சேர்ந்ததும் மிதுனா பொம்மையைப் பார்த்துச் சிரித்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தது. பொம்மையின் முதுகைத் தடவினாள், கொம்பைத் தொட்டாள், அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள்.

“இது யாருக்கு மாமா?”

“உனக்குத்தான்டா கண்ணு.”

“அப்ப துரை யாருக்கு?”

சங்கிலிமுத்து மேளக்காரர்களைப் பார்க்கப் போவதைப் போல வெளியே போய்விட்டார்.

ஓடைப்பட்டியில் கிடா சிலுப்பாமல் காது குத்துவதில்லை. கருப்பசாமியின் முன்னால் கிடாவை நிறுத்தி, மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரை அதன் தலையில் ஊற்றி, பூசாரி உத்தரவு கேட்பார். கேட்டபிறகு யாரும் கிடாவைத் தொடக்கூடாது, காதில் ஊதக்கூடாது, கல்லைப் போட்டு மிரட்டக்கூடாது. அதுவாகவே தலை முதல் வால் வரை உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி சம்மதித்தார், அரிவாள் இறங்கும். சிலுப்பாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். தாத்தா காலத்திலிருந்து எந்தக் கிடாவும் மூன்று குடத்துக்கு மேல் தாங்கியதில்லை.

துரை ஏழு குடம் தாங்கியது.

பூசாரி தொண்டை கிழிய, “கருப்பா! பூமயில் கொடுக்கிற கிடா! சம்மதமா, சொல்லு!” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். துரை கழுத்து மாலையிலிருந்து ஒவ்வொரு பூவாகப் பிடுங்கித் தின்றுகொண்டே இருந்தது. சூரியன் உச்சிக்கு வந்தது. மேளக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சமையல்காரர் பிச்சையா கரண்டியோடு வந்து, “அரைச்ச மசாலா காயுது, சாமி என்னதான் சொல்றாரு?” என்று கேட்டுவிட்டுப் போனார். குருவையாவின் அண்ணன் வெயிலுமுத்து, அந்தப் பங்காளிகளில் மூத்தவர், அவர் சொல்லாமல் அங்கே அடுப்பு மூட்ட முடியாது, “துரைக்கு என்ன, காது கேக்கலையா?” என்று மீசையைத் தடவினார். மிதுனா துரையின் கயிற்றைப் பிடித்தபடி சங்கிலிமுத்துவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போக வேண்டிய நேரம் அதுதான். அவருக்குக் கால் நகரவில்லை.

எட்டாவது குடத்தை ஓங்கி ஊற்றினார்கள். தண்ணீர் துரையின் முதுகில் பட்டுத் தெறித்து, பக்கத்தில் வரிசையாக வைத்திருந்த சீர்த்தட்டுகளின் மேல் விழுந்தது. வளையலுக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் நின்றிருந்த பொம்மை முதலில் இடது காதை அசைத்தது, அப்புறம் வலது காதை, அப்புறம் தலை, கழுத்து, முதுகு என்று ஒரு நடுக்கம் பின்னோக்கி ஓடி வாலில் போய் முடிய, மஞ்சள் துளிகள் பூசாரியின் தாடியிலும் வெயிலுமுத்துவின் வெள்ளைச் சட்டையிலும் தெறித்தன. பெண்கள் யோசிப்பதற்கு முன்னால் குலவை போட்டுவிட்டார்கள். போட்ட குலவையைத் திரும்ப எடுக்க முடியாது. பொம்மை தட்டிலிருந்து கீழே குதித்து, வேப்பிலைக் கொத்தில் வாயை வைத்துத் தின்றுவிட்டு, மூன்று பிழுக்கை போட்டது.

சங்கிலிமுத்துவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேட்டரிகள் நான்கும் அங்கேயே இருந்தன. ஊரை ஏமாற்றியதாக நாளைக்கு யாராவது சொன்னால், பூமயில் இந்த ஊரில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள்? நாக்கு சுருளப் பார்த்தது. அதற்குள் வாய் பேசிவிட்டது.

“பூசாரி, நிறுத்துங்க. தப்பு நடக்குது. அது ஆடில்ல, பொம்மை. பொருட்காட்சியில வாங்கினது. பேட்டரிகூட என் பையிலதான் இருக்கு.”

பூசாரி பேட்டரிகளை வாங்கி ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். பொம்மையைத் தூக்கி வயிற்று மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டார். காலியாக இருந்தது.

“அப்ப இதை ஆட்டினது பேட்டரி இல்ல.”

“இல்லைங்க.”

“நீ ஆட்டுனியா?”

“நான் தொடவே இல்லைங்க.”

“நீயும் இல்ல, பேட்டரியும் இல்லன்னா வேற யாருய்யா இங்க இருக்கா?” என்று கருப்பசாமியின் பக்கம் கையைக் காட்டினார் பூசாரி. பிறகு குனிந்து ஒரு பிழுக்கையை எடுத்து நசுக்கி முகர்ந்தார். “வேப்பிலை தின்னிருக்கு” என்றார். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது. அது பொம்மையா ஆடா என்று அதற்கப்புறம் ஓடைப்பட்டியில் யாரும் விவாதித்ததில்லை.

விவாதம் வேறு இடத்தில் கிளம்பியது. “சிலுப்பிட்டுதுல்ல, அப்ப அதை வெட்டுங்க” என்றார் வெயிலுமுத்து. அரிவாள்காரர் பொம்மையின் வயிற்றைப் பிடித்துப் பார்த்து, “சூடு இருக்கு, மூச்சும் இருக்கு, ஆனா கறி இருக்கிற மாதிரித் தெரியலையே அண்ணாச்சி. வெட்டினா பஞ்சுதான் வரும்” என்றார். “முந்நூறு பேருக்குப் பஞ்சையா பரிமாறுறது?” என்று வெயிலுமுத்து கத்தினார். மிதுனா ஒரு கையில் துரையின் கயிறும் மறு கையில் பொம்மையுமாக நின்று, “ரெண்டையும் தர மாட்டேன்” என்றாள்.

கடைசியில் வெயிலுமுத்துதான் முடிவு சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் உத்தரவு கேட்பது. துரை சிலுப்பினால் வெட்டு. இந்தப் பொம்மையை ஓடையில் வீசிவிட வேண்டும். அதுவரை பிள்ளைக்குக் காது குத்தக் கூடாது. நேர்த்திக்கடன் தீராத வீட்டில் பங்காளிகள் கை நனைக்க மாட்டார்கள். ஆனாலும் சமைத்ததை வீணாக்கக் கூடாது என்பதற்காக அன்றைக்கு மட்டும் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மசாலாவை உருளைக்கிழங்கில் போட்டதாக ஒரு கட்சி, கருணைக்கிழங்கில் போட்டதாக இன்னொரு கட்சி. எதில் போட்டிருந்தாலும், கறி இல்லாத விருந்தா என்று திட்டிக்கொண்டே மூன்றாவது தடவையும் சோறு வாங்கினவர் வெயிலுமுத்து என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சங்கிலிமுத்து பட்டறைக்குப் போன் செய்து ஒரு வாரம் வரமாட்டேன் என்றார். அந்த ஒரு வாரத்தில் ஊர் அந்தப் பொம்மையைத் தன் ஆடுகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. சனிக்கிழமை ஆடு மேய்க்கிற கந்தாயி அதையும் பத்திக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா கொழுந்தா பார்த்துத்தான் கடிக்குது, டவுன் வளர்ப்புல்ல” என்று குறை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில், சீராக வந்ததால் அது பூமயிலுக்குச் சொந்தமா, சிலுப்பியதால் சாமிக்குச் சொந்தமா என்று பஞ்சாயத்து நடந்து, மேய்க்கிற கூலியை யார் தருவது என்ற இடத்தில் முட்டி நின்றது. திங்கட்கிழமை தடுப்பூசி போட வந்த கால்நடை டாக்டரம்மா அதன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். உள்ளே மாவு அரைக்கிற கிரைண்டர் தூரத்து வீட்டில் ஓடுவதைப் போல ஒரு சத்தம் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார், வெளியே இன்னும் நாற்பது ஆடுகள் வரிசையில் நின்றன, ஊசியைப் போட்டுவிட்டு நோட்டில் ‘கிடா, கறுப்பு, ஆரோக்கியம்’ என்று எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அது மிதுனாவோடு பள்ளிக்கூடத்துக்குப் போனது. ஒன்றாம் வகுப்பு டீச்சர், சத்தம் போடாமல் இருந்தால் இருக்கட்டும், மற்ற முப்பது பேருக்கு அந்தப் புத்தி இல்லை என்றார். புதன்கிழமை பக்கத்து ஊர்களிலிருந்து வந்த பெண்கள் அதன் கொம்பில் வளையல் மாட்டிவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை வெயிலுமுத்து வளர்த்த வெள்ளாடு கட்டை அறுத்துக்கொண்டு வந்து பொம்மையின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இழுத்தாலும் எழுந்திருக்கவில்லை.

“என் வீட்டு ஆட்டையே கெடுக்குதே இது!” என்று வெயிலுமுத்து தெருவில் நின்று கத்தினார்.

“உங்க ஆடுதானே அண்ணாச்சி இங்க வந்து படுத்திருக்கு” என்றாள் தனம்.

சங்கிலிமுத்துவுக்கு மட்டும் எதுவும் ரசிக்கவில்லை. பொம்மை சிலுப்பியதில் தன் பங்கு என்ன என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஏமாற்றுவதற்காக ஒன்றை வாங்கினோம், அது தன்னிஷ்டத்துக்கு நல்லது செய்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் அது செய்யும் என்று என்ன நிச்சயம்? செய்யாவிட்டால் கயிற்றைப் பிடித்து ‘கொடுத்தேன்’ என்று சொல்லப் போவது யார்? மிதுனாவும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “மாமா, சத்தியம்னா நாளைக்கும் சேர்த்துத்தானே?” என்று கேட்டாள்.

“ஆமாடா” என்றார். சொன்னபிறகு பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பூமயில் அவருக்கு இட்லி வைத்தாள். சட்னியை ஊற்றிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், “இன்னைக்கும் மழையைப் பத்திப் பேசிட்டு வந்துராதண்ணே” என்றாள்.

இருபது வருஷம் அவர் காத்திருந்த சொல் அது. இட்லியைப் பிட்டவர் வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தார். பிறகு சாப்பிட்டார். நன்றாகச் சாப்பிட்டார்.

அன்றைக்குக் கோயிலில் முந்நூறு பேர் இல்லை, ஆயிரம் பேர் இருந்தார்கள். துரையையும் பொம்மையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். பூசாரி குடத்தை எடுக்கும்போது சங்கிலிமுத்து முன்னால் வந்தார்.

“கேட்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிக்கிறேன். துரையை வெட்ட விடமாட்டேன்னு இந்தப் பிள்ளைக்கு நான் சத்தியம் பண்ணியிருக்கேன். பண்ணிட்டு, அதை ஏமாத்தத்தான் இந்தப் பொம்மையை வாங்கினேன். அது என் தப்பு. இன்னைக்குத் துரை சிலுப்பினாலும் சரி, சிலுப்பாட்டியும் சரி, கயித்தைப் பிடிச்சுக் ‘கொடுத்தேன்’னு நான் சொல்ல மாட்டேன். தாய்மாமன் சொல்லாம அருவா இறங்காதுல்ல?”

ஆயிரம் பேரும் பூமயிலைப் பார்த்தார்கள். அவள் அண்ணனைப் பார்த்தாள்.

“சின்னப்பிள்ளைக்குச் சொன்னதெல்லாம் ஒரு வாக்காய்யா?” என்றார் வெயிலுமுத்து.

“பெரிய ஆளுக்குச் சொன்னாத்தான் வாக்கா அண்ணாச்சி? அப்ப அது பயம்லா?”

வெயிலுமுத்துவின் மீசை துடித்தது. “இவரு பேச்சைக் கேட்க வரலை நான். சாமி பேச்சைக் கேட்க வந்திருக்கேன்” என்று பூசாரியின் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கிடாக்களுக்கும் நடுவில் போய் நின்றார்.

பூசாரி உத்தரவு கேட்க, முதல் குடத்தைத் துரையின் தலையில் ஊற்றினார். துரை அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு அசைபோட்டது. பொம்மை சிலுப்பியது, தண்ணீர் அவர் இடுப்பு வரை நனைத்தது. இரண்டாவது குடம். துரை அசைபோட்டது, பொம்மை சிலுப்பியது, தண்ணீர் அவர் நெஞ்சை நனைத்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று குடங்கள் கைமாறி வந்துகொண்டே இருந்தன, துரை அசைபோட்டுக்கொண்டே இருந்தது, அவர் ஊற்ற ஊற்றப் பொம்மை சிலுப்பச் சிலுப்ப, அவர் முகம், மீசை, தலைமுடி, துண்டு, சட்டை எல்லாம் மஞ்சளாகி, ஊற்றுகிறவர் யார் குளிக்கிறவர் யார் என்று தெரியாமல் போயிற்று. கூட்டம் எண்ணத் தொடங்கியது. ஒன்பது. பத்து. பதினொன்று.

பதினோராவது குடம் காலியானபோது ஓடையின் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. தை மாசத்துக் குளிர்காற்று. வேப்பமரம் முழுவதும் ஒருமுறை சலசலத்தது. குடத்தோடு நின்ற வெயிலுமுத்துவின் இடது தோள் முதலில் துடித்தது, அப்புறம் வலது தோள், அப்புறம் தலை, கழுத்து, முதுகு என்று ஒரு நடுக்கம் அவர் உடம்பு முழுவதும் ஓடி முழங்காலில் போய் முடிய, மீசையிலிருந்து மஞ்சள் துளிகள் நாலாபுறமும் தெறித்தன.

யாரோ ஒரு பெண்தான் முதலில் குலவையை ஆரம்பித்தாள். தனமாக இருக்கலாம் என்று சொல்வார்கள், அவள் மறுப்பதும் இல்லை.

“பெரியவரு சிலுப்பிட்டாரு! அருவாளை எடுங்கய்யா!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

ஆயிரம் பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் காகங்கள் கிளம்பிப் பறந்தன. அரிவாள்காரர் சிரிக்கவில்லை, அவர் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார். வெயிலுமுத்து அவரைப் பார்த்தார். அரிவாளைப் பார்த்தார். கருப்பசாமியைப் பார்த்தார். உத்தரவு கேட்டபிறகு, யாரும் தொடாமல், தலை முதல் கால் வரை தான் சிலுப்பியதை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்பது அவருக்கு மெல்ல உறைத்தது.

“ஏய், உட்காருடா” என்றார் அரிவாள்காரரிடம். பிறகு கூட்டத்தைப் பார்த்து, குளிரில் பல் கிட்ட, “சிலுப்பினா என்ன அர்த்தம்? சாமி சம்மதிச்சுட்டாருன்னு அர்த்தம். அவ்வளவுதான். வெட்டணும்னு எங்கய்யா சொல்லியிருக்கு?” என்றார்.

“யாருக்கும் சொல்லலையா அண்ணாச்சி, இல்ல உங்களுக்கு மட்டும் சொல்லலையா?” என்றாள் தனம்.

“யாருக்கும்தான்! ஆடானாலும் ஆளானாலும் ஒரே சட்டம்தான். சிலுப்பினா சம்மதம். சாமிக்குக் கொடுத்தாச்சு. கொடுத்தது உசிரோட இருந்துட்டுப் போகட்டும்.”

இரண்டு தலைமுறைக்கு முன்னால் யாரோ போட்ட சட்டத்தை இப்படி நனைந்த வேட்டியோடு ஒருவர் மாற்றிவிட்டுப் போனதை ஓடைப்பட்டி அப்படியே ஏற்றுக்கொண்டது. மூத்தவர் சொன்னால் சரிதான்.

பூமயில் முன்னால் வந்தாள். “கருங்கிடா தாரேன்னுதான் நான் சொன்னேன் கருப்பா. வெட்டுறேன்னு ஒரு நாளும் சொல்லலை. நீ எதைக் கேட்டியோ அதை எங்கண்ணன் கொடுப்பாரு” என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி, “சொல்லுண்ணே” என்றாள்.

சங்கிலிமுத்து பொம்மைக் கிடாவைத் தூக்கினார். ஈர ரோமத்துக்கு அடியில் அதன் வயிறு வெதுவெதுப்பாக இருந்தது, அவர் கையில் அது மூச்சு விட்டது. “கொடுத்தேன்” என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது. “கொடுத்தேன்” என்றார், இந்த முறை ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்டது. மூன்றாவது தடவை அவர் சொன்னதை மேளக்காரர்கள் கேட்கவிடவில்லை. அதற்கு முன்பே கொட்டத் தொடங்கிவிட்டார்கள். கீழே விட்டதும் அது நேராக நடந்து போய்க் கருப்பசாமியின் பாதத்தின் பக்கத்தில், ரொம்ப நாளாக அங்கேயே வசிக்கிற மாதிரி, காலை மடித்துப் படுத்துக்கொண்டது. வெயிலுமுத்துவின் வெள்ளாடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து அதன் பக்கத்தில் படுத்தது. அவர் பார்த்தும் பார்க்காததுபோல் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

அதற்கப்புறம்தான், எல்லாம் முடிந்தபிறகு, யாரும் கேட்காமல், துரை நிதானமாகத் தன் உடம்பைத் தலை முதல் வால் வரை சிலுப்பிக்கொண்டது.

விரித்த ஜமுக்காளத்தில் சங்கிலிமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மிதுனா அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, துரையின் கயிற்றைத் தன் காலில் சுற்றிக்கொண்டாள். ஆசாரி கம்பியைச் சந்தனத்தில் தொட்டு எடுத்தார்.

“மாமா, வலிக்குமா?”

வலிக்காதுடா, மாமா இருக்கேன்ல என்று வாய்வரை வந்தது. அவர் அதை விழுங்கினார்.

“வலிக்கும்” என்றார். “கொஞ்ச நேரம்.”

அவள் அதை நம்பித் தலையாட்டினாள். ஆசாரி குத்தினார். மிதுனா ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். மாமன் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, வாய் நிறைய, நெஞ்சு நிறைய அழுதாள். காதுக்காக மட்டும்தான் அழுதாள்.